கொம்யூன் பஞ்சாயத்து: ஓர் ஆட்சிச் சொற்றொடரின் வரலாறும் வழக்கும் (உழவர்கரையை முன்வைத்து)

ஆய்வுச்சுருக்கம்

புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் உள்ளாட்சிச் சட்டத்தில் இடம்பெற்றுள்ள 'கொம்யூன் பஞ்சாயத்து' என்னும் ஆங்கிலச் சொற்றொடர் பிரெஞ்சு மொழியிலிருந்து ஒரு சொல்லையும் இந்திய மொழியிலிருந்து ஒரு சொல்லையும் இணைத்து உருவானது. இவ்விரு சொற்களும் வெவ்வேறு ஆட்சி மரபுகளைச் சார்ந்தவை. இச்சொற்றொடர் எந்தச் சூழலில் தோன்றியது, அதன் முதற்சொல் எவ்வாறு பொருள் மாறியது, தமிழில் அதனை எந்தக் காலத்திற்கு எவ்வாறு ஆளுதல் பொருந்தும் என்பனவற்றை உழவர்கரையின் ஆட்சி வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. 1954ஆம் ஆண்டுக் கீழூர் வாக்கெடுப்பில் பங்கேற்றோரின் சட்டத் தகுதியைப் புரிந்துகொள்வதில் இச்சொல்லாட்சிக்குள்ள தொடர்பும் விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: உழவர்கரை, கொம்யூன், பஞ்சாயத்து, பிரெஞ்சிந்தியா, கீழூர், உள்ளாட்சி, தொகைச்சொல்

முன்னுரை

புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் இன்று 5 நகராட்சிகளும் 10 கொம்யூன் பஞ்சாயத்துகளும் அவற்றோடு கிராமப் பஞ்சாயத்துகளும் உள்ளன. நகராட்சி, கிராமப் பஞ்சாயத்து ஆகிய இரண்டும் இந்தியாவின் பிற பகுதிகளிலும் வழங்கும் பெயர்கள். இடையில் நிற்கும் கொம்யூன் பஞ்சாயத்து புதுச்சேரிக்கு மட்டுமே உரியது. வில்லியனூர், பாகூர், அரியாங்குப்பம், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு ஆகிய ஊர்களின் அலுவலகப் பெயர்ப்பலகைகளில் நாள்தோறும் இதனைப் படிக்கும் மக்களுக்கு இது விந்தையாகத் தோன்றுவதில்லை. ஆவணங்களை மொழிபெயர்க்கும் ஆய்வாளருக்கோ இது தொடர்ந்து இடர் தரும் சொல். பிரெஞ்சு மொழியில் 'கொம்யூன்' என்பதே ஒரு முழுமையான உள்ளாட்சி அமைப்பைக் குறிக்கிறது. 'பஞ்சாயத்து' என்பதும் அவ்வாறே. அவ்வாறாயின் இரண்டும் இணைந்து நிற்பது கூறியது கூறலா, அல்லது முதற்சொல் இரண்டாவதற்கு அடையாக நின்று புதுப்பொருள் தருகிறதா? அடையெனின் அது எத்தகைய அடை?

இவ்வினாவை உழவர்கரையைக் கொண்டு அணுகுவதற்குக் காரணம் உண்டு. ஒரே நிலப்பகுதி முதலில் கொம்யூனாகவும் பின்னர்க் கொம்யூன் பஞ்சாயத்தாகவும் அதன்பின் நகராட்சியாகவும் ஆன வரலாறு அவ்வூருக்கு உரியது. சொல் மாறியபோதெல்லாம் அவ்வூரைப் பற்றிய சட்டத்தின் கணிப்பும் மாறியது.

பிரெஞ்சு மரபில் கொம்யூன்

பிரெஞ்சுப் புரட்சியை அடுத்து, 1789 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டம் பிரான்சின் நகரம், சிற்றூர், திருச்சபை வட்டம் அனைத்திற்கும் ஒரே வகையான உள்ளாட்சியை ஏற்படுத்தியது. இந்த ஒருமையே கொம்யூன் என்னும் கருத்தின் உயிர்நாடி. சில நூறு பேர் வாழும் மலைக்கிராமமும் இலட்சக்கணக்கானோர் வாழும் மர்செய் நகரமும் சட்டத்தின் கண்ணில் கொம்யூன்களே. இரண்டிற்கும் 'கொன்செய் முனிசிபால்' என்னும் மன்றம் உண்டு; இரண்டிற்கும் 'மேர்' என்னும் தலைவர் உண்டு. 1884 ஏப்ரல் 5ஆம் நாள் சட்டம் இதனை உறுதிப்படுத்தியது. பாரிசு நகரம் தனி ஏற்பாட்டிற்கு உட்பட்டது என்பது இவ்விதிக்கு முதன்மையான விலக்கு.

ஆங்கிலேய ஆட்சி மரபு இதற்கு நேர்மாறானது. அது நகரையும் ஊரையும் தொடக்கத்திலேயே பிரித்துவிடுகிறது. சென்னை மாகாணத்தில் 1920ஆம் ஆண்டில் நகராட்சிகளுக்கு ஒரு சட்டமும், மாவட்ட, வட்ட அளவிலான ஊரகக் கழகங்களுக்கு ஒரு சட்டமும், கிராமப் பஞ்சாயத்துகளுக்கு ஒரு சட்டமும் எனத் தனித்தனியே இயற்றப்பட்டன. கடலூரும் அதன் அருகிலுள்ள சிற்றூரும் ஒரே சட்டத்தின்கீழ் வருதல் அம்மரபில் இயலாது. புதுச்சேரியோ அதன் கிராமப்புறமோ அவ்வாறு பிரிந்து கிடக்கவில்லை.

1880 மார்ச் 12ஆம் நாள் ஆணை பிரெஞ்சிந்தியாவில் 10 கொம்யூன்களை ஏற்படுத்தியது. புதுச்சேரிப் பகுதியில் புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர் என நான்கு. காரைக்கால் பகுதியில் மூன்று. சந்திரநாகூர், மாகே, ஏனாம் ஆகியன ஒவ்வொன்று. 1907ஆம் ஆண்டில் இவ்வெண்ணிக்கை 17ஆக உயர்ந்தது. புதுச்சேரிப் பகுதியில் அரியாங்குப்பம், முதலியார்பேட்டை, நெட்டப்பாக்கம், திருபுவனை ஆகியனவும் சேர்ந்து எட்டுக் கொம்யூன்கள் ஆயின. காரைக்கால் பகுதியில் ஆறு ஆயின.

இதன் தனித்தன்மை பிற பிரெஞ்சுக் குடியேற்றங்களோடு ஒப்பிடும்போது தெளிவாகும். செனகலில் செயின்ட் லூயி, கோரே ஆகியன 1872இலும் ரூஃபிஸ்க் 1880இலும் டக்கார் 1887இலும் கொம்யூன்களாயின. அங்கு இந்நான்கு நகர்களுக்கு அப்பால் வாழ்ந்த பெருந்தொகையான மக்கள் கொம்யூன் உரிமைக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். அங்குக் கொம்யூன் என்பது நகரத்தின் சலுகை. பிரெஞ்சிந்தியாவிலோ பாகூரின் நெல்வயல்களும் உழவர்கரையின் தோப்புகளும் கொம்யூன் எல்லைக்குள் அடங்கின. ரூஃபிஸ்க் கொம்யூனான அதே 1880இல் உழவர்கரையும் கொம்யூனானது. எனினும் இதனை மக்களாட்சியின் மலர்ச்சியாகக் கொண்டாடிவிடலாகாது. வாக்காளர் பட்டியல் ஐரோப்பியருக்கும் இந்தியருக்கும் தனித்தனியே இருந்தது. 1884இல் தம் தனிநிலைச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்ற 'ரெனோன்சான்'களுக்கு மூன்றாவது பட்டியல் வந்தது. அனைவருக்கும் பொதுவான ஒரே பட்டியலும் பெண்களுக்கான வாக்குரிமையும் இரண்டாம் உலகப்போரின் முடிவில்தான் கிடைத்தன.

கொம்யூனுக்குக் கீழே இருந்த ஊர்களைப் பிரெஞ்சு ஆவணங்கள் 'அல்தே' என்று குறித்தன. இது போர்த்துகீசியச் சொல்லின் வழிவந்தது. திருமலைராயன்பட்டினத்திற்குப் பிரெஞ்சில் வழங்கிய 'கிராந்த் அல்தே' என்னும் பெயருக்குப் 'பேரூர்' என்பதே பொருள். அல்தே ஓர் ஊர்தான். ஆயின் மன்றமோ மேரோ உடைய ஆட்சி அலகு அன்று. ஆகவே கொம்யூனே மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றத்தின் அடிமட்டம். இதனை நினைவிற்கொள்ளுதல் இன்றியமையாதது. ஏனெனில் பின்னாளில் இவ்வரிசை மாறிப்போனது.

உழவர்கரை என்னும் பெயர்

உழவர்கரை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக் கும்பினியின் கைக்கு வந்த ஊர்களுள் ஒன்று. அதன் பெயரிலும் எழுத்துச் சிக்கல் உண்டு. இன்று நகராட்சியின் தமிழ்ப் பெயர் உழவர்கரை. ஆங்கில ஆவணங்களில் நகராட்சி, பிரெஞ்சுக் காலத்து எழுத்துமுறையில் 'உல்கரே' என ஒலிக்குமாறு எழுதப்படுகிறது. சட்டமன்றத் தொகுதியோ ஆங்கிலத்தில் 'ஒழுகரை' என்று படிக்கத்தக்கவாறு, தமிழ் ழகரத்திற்கு இக்காலத்தில் வழங்கும் ஈரெழுத்துக் குறியீட்டோடு எழுதப்படுகிறது. ஒரே ஊருக்கு ஒரே அரசின் ஆவணங்களில் இரண்டு ஆங்கில வடிவங்கள் நிலவுகின்றன. வெளியூர் அலுவலர் இவற்றை இருவேறு ஊர்கள் எனக் கொண்டால் வியப்பதற்கில்லை.

பிரெஞ்சு எழுத்து வடிவத்தின் ஈற்றிலுள்ள மெய் ஒலிக்கப்படுவதில்லை. அதனை நீக்கிப் பார்த்தால் எஞ்சுவது 'ஒழுகரை' என்பதை ஒட்டிய ஒலியே. 'உழவர்' என்பதிலுள்ள வகர ரகரங்களின் சுவடு அதில் இல்லை. பிரெஞ்சு எழுத்தர்கள் செவியாற் கேட்டதை எழுதினர் எனக் கொண்டால், மக்கள் வழக்கில் ஒழுகரை என்னும் வடிவம் வலுவாக இருந்தது என்று கருதலாம். உழவர்கரை என்னும் பெயருக்கு உழவரோடு தொடர்புறுத்தி விளக்கம் கூறுவோர் இவ்வடிவத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளல் வேண்டும்.

இருமொழிக் கலப்பில் பிறந்த ஆட்சிப்பெயர் புதுச்சேரிக்குப் புதியதன்று. 18ஆம் நூற்றாண்டில் உள்ளூர் மக்களின் வழக்குகளை விசாரித்த நீதிமன்றம் 'ஷோத்ரி' நீதிமன்றம் எனப்பட்டது. அப்பெயர் 'சாவடி' என்னும் சொல்லோடு தொடர்புடையதாகக் கருதப்படுகிறது. அங்கு ஒரு பிரெஞ்சு நிறுவனம் தென்னிந்தியச் சொல்லைத் தன் பெயரில் ஏற்றது. கொம்யூன் பஞ்சாயத்தில் இந்திய நிறுவனம் பிரெஞ்சுச் சொல்லை ஏற்றது. ழான் குளோது பொன்னான் பதிப்பித்த அந்நீதிமன்றத் தீர்ப்புகளைப் படிப்போர், பெயரின் ஒரு பாதியை மட்டும் கொண்டு நிறுவனத்தின் இயல்பை முடிவுசெய்ய இயலாது என்பதை உணர்வர்.

கீழூரில் வாக்களித்தவர் யார்?

சொல்லாட்சியின் செம்மை வரலாற்று விளக்கத்தையே பாதிக்கும் இடம் ஒன்று உண்டு. 1948 ஜூனில் பிரெஞ்சு அரசும் இந்திய அரசும் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, பிரெஞ்சிந்திய மக்கள் தம் எதிர்காலத்தை முடிவுசெய்வதற்கான வாக்கெடுப்பின் முறையையும் நாளையும் கொம்யூன்களின் மன்றங்களே வகுத்தல் வேண்டும் என்றாயிற்று. அவ்வாண்டு அக்டோபரில் அதற்கெனவே மன்றத் தேர்தல்கள் நடத்தப்பட்டன. சந்திரநாகூர் 1949இல் வாக்கெடுப்பு நடத்தி இந்தியாவோடு சேரும் முடிவை எடுத்தது. எஞ்சிய நான்கு பகுதிகளில் வாக்கெடுப்பு நடைபெறவில்லை. 1954 மார்ச்சில் புதுச்சேரிப் பகுதிக் கொம்யூன்களின் தலைவர்கள் வாக்கெடுப்பின்றியே இணைய வேண்டும் என்னும் நிலைப்பாட்டிற்கு வந்தபோது அரசியல் நிலை தலைகீழானது.

1954 அக்டோபர் 18ஆம் நாள் கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் வாக்களித்த 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைவதை ஆதரித்தனர். 8 பேர் எதிர்த்தனர். பிரதிநிதித்துவ சபையின் உறுப்பினர்களும் கொம்யூன் மன்றங்களின் உறுப்பினர்களுமே இவ்வாக்காளர்கள். மூன்று நாள் கழித்து, அக்டோபர் 21இல் உடன்படிக்கை கையெழுத்தானது. நவம்பர் 1இல் ஆட்சி நடைமுறையில் கைமாறியது.

இந்த 178 பேரை இன்றைய வழக்கைக் கொண்டு 'பஞ்சாயத்து உறுப்பினர்கள்' என்றோ 'கொம்யூன் பஞ்சாயத்துப் பிரதிநிதிகள்' என்றோ எழுதுதல் காலவழு. அக்காலத்தில் கொம்யூன் பஞ்சாயத்து என்னும் அமைப்பே இல்லை. வழு அத்துடன் நின்றால் பெரிதன்று. 'பஞ்சாயத்து' என்னும் சொல் தமிழ் வாசகர் மனத்தில் ஊர்ப் பெரியவர்களின் கூட்டத்தையும் மரத்தடித் தீர்ப்பையும் எழுப்புகிறது. நாட்டின் இறையாண்மையை மாற்றிய முடிவை ஊர்ப் பெரியவர்கள் கூடி எடுத்ததாக அது தோற்றம் தந்துவிடும். அவர்களோ பிரெஞ்சுச் சட்டத்தின்படி வாக்காளர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு, அம்முடிவை வகுக்கும் பொறுப்பு 1948இன் ஏற்பாட்டால் எவருக்கு அளிக்கப்பட்டதோ அந்த மன்றங்களைச் சேர்ந்தவர்கள். மக்கள் அனைவரும் நேரடியாக வாக்களிக்கவில்லை என்று கீழூரைக் குறை கூறுவோர் உண்டு. அக்குறையை மதிப்பிடுவதற்கும், வாக்களித்தோரின் தகுதி இன்னதெனச் சரியான சொல்லால் சுட்டுதல் முதற்படி.

'நகரசபை உறுப்பினர்கள்' என்னும் சொல்லாட்சியும் முற்றும் பொருந்துவதில்லை. 'முனிசிபால்' என்பதை நகரோடு இணைக்கும் பழக்கம் ஆங்கில ஆட்சி மரபு நமக்குத் தந்தது. பாகூரையும் நெட்டப்பாக்கத்தையும் நகரங்கள் என்பார் எவருமிலர். ஆயின் அவற்றிற்கும் 'கொன்செய் முனிசிபால்' இருந்தது. இவ்விடத்தில் 'கொம்யூன் மன்றம்' என்பதே வழுவற்ற வழக்காகும். அவ்வாறே 'மேர்' என்பதை 'மேயர்' என மாற்றுவதும் ஏற்புடையதன்று. தமிழில் மேயர் என்றால் மாநகராட்சித் தலைவர். நெட்டப்பாக்கத்து மேரை மேயர் என்றால் சிற்றூர் மாநகராகிவிடும். புதுச்சேரித் தமிழில் மேர் என்னும் சொல் இன்றும் வழக்கில் உள்ளது. கடற்கரைச் சாலையிலுள்ள நகராட்சிக் கட்டடத்தை மக்கள் 'மேரி' என்றே அழைக்கின்றனர். 2014இல் பழைய கட்டடம் மழையில் இடிந்து, புதிய கட்டடம் எழுந்த பின்னும் அப்பெயர் இடியவில்லை.

1973: இரு சட்டங்கள், இரு வகைக் கொம்யூன்கள்

1956 மே 28இல் கையெழுத்தான ஒப்படைப்பு உடன்படிக்கை 1962 ஆகஸ்டு 16இல் நடைமுறைக்கு வந்தது. அரசமைப்பின் 14ஆம் திருத்தம் புதுச்சேரியை ஒன்றியப் பகுதியாக்கியது. ஆயினும் பிரெஞ்சுச் சட்டங்கள் ஒரே நாளில் மறையவில்லை. மாற்றப்படும்வரை அவை தொடரும் என்பதே 1962ஆம் ஆண்டின் புதுச்சேரி நிர்வாகச் சட்டத்தின் ஏற்பாடு. ஆகவே 1968இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலும் பழைய கொம்யூன்களுக்கே நடந்தது. சந்திரநாகூர் நீங்கலாக 16 கொம்யூன்கள் அப்போது இருந்தன.

இந்நிலையை மாற்றியவை 1973ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 1974 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த இரண்டு சட்டங்கள். ஒன்று நகராட்சிகள் சட்டம். மற்றொன்று கிராம, கொம்யூன் பஞ்சாயத்துகள் சட்டம். புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் ஆகியன நகராட்சிகளாயின. முதலியார்பேட்டை புதுச்சேரி நகராட்சியோடு இணைந்தது. எஞ்சிய 11 கொம்யூன்கள் கொம்யூன் பஞ்சாயத்துகளாயின. அவற்றுள் உழவர்கரையும் ஒன்று.

மேலோட்டமாகப் பார்ப்போருக்கு இது பெயர் மாற்றமாகவே தோன்றும். உண்மையில் இங்கு மூன்று மாற்றங்கள் ஒரே நேரத்தில் நிகழ்ந்தன.

முதலாவது, நகர், ஊர் என்னும் பிரிவினை. 1880 முதல் 93 ஆண்டுகள் புதுச்சேரியும் உழவர்கரையும் ஒரே வகைக் கொம்யூன்கள். 1974இல் சட்டம் அவற்றைப் பிரித்தது. நகராட்சியான பகுதி கொம்யூன் என்னும் சொல்லை இழந்தது. ஊரகமாகக் கருதப்பட்ட பகுதி அதனைத் தக்கவைத்துக்கொண்டது. பிரான்சில் நகர், ஊர் வேறுபாட்டை மறுக்கவே பிறந்த சொல், புதுச்சேரியில் நகரல்லாததைக் குறிக்கும் சொல்லாயிற்று. இன்று 'புதுச்சேரி கொம்யூன்' என்று எவரும் கூறுவதில்லை. 'வில்லியனூர் கொம்யூன்' என்பது இயல்பாக வழங்குகிறது. இச்சொற்றொடரின் வரலாற்றில் ஆய்வாளர் பெரிதும் கவனிக்க வேண்டிய திருப்பம் இதுவே.

இரண்டாவது, படிநிலை மாற்றம். கொம்யூனுக்குக் கீழே கிராமப் பஞ்சாயத்துகள் அமைந்தன. அதனால் அடிமட்ட அலகாக இருந்த கொம்யூன் இடைமட்டமாயிற்று. 1992ஆம் ஆண்டின் 73ஆம் அரசமைப்புத் திருத்தம் கிராமம், இடைநிலை, மாவட்டம் என மூன்று அடுக்குகளை வகுத்தபோது, கொம்யூன் பஞ்சாயத்து அந்த இடைநிலையில் பொருந்தியது. 20 இலட்சத்திற்கு மேற்படாத மக்கள்தொகை கொண்ட பகுதிகள் இடைநிலையை அமைக்க வேண்டியதில்லை என்று அத்திருத்தம் விலக்களிக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 12.5 இலட்சம் மக்கள் வாழும் புதுச்சேரி இவ்விலக்கைப் பெறத்தக்கது. இருந்தும் கொம்யூன் அடுக்கு நீடிக்கிறது. சட்டத்தின் கட்டாயத்தைவிட நூறாண்டுப் பழக்கத்தின் வலிமை இங்குப் பெரிது போலும்.

மூன்றாவது மாற்றம் சட்ட ஆளுமை பற்றியது. பிரெஞ்சுச் சட்டத்தில் சொத்து வைத்திருப்பதும் வழக்குத் தொடுப்பதும் கொம்யூனே. மன்றம் அதன் உறுப்பு. மேர் அதன் சார்பில் செயல்படுபவர். இந்திய உள்ளாட்சிச் சட்டங்களிலோ கூட்டுருவாகக் கருதப்பட்டு அவ்வுரிமைகளைப் பெறுவது மன்றம், அதாவது பஞ்சாயத்து. எனவே சட்டத்தின் உயிர் முதற்சொல்லிலிருந்து இரண்டாம் சொல்லுக்கு இடம்பெயர்ந்தது. கொம்யூன் வெறும் எல்லையாகச் சுருங்கியது.

தொகையை விரித்தல்

மேற்கூறிய மாற்றங்களைத் தமிழ் இலக்கண நோக்கில் காணுதல் பயன் தரும். 'கொம்யூன் பஞ்சாயத்து' என்பதை மூவகையாக விரிக்கலாம். கொம்யூனினது பஞ்சாயத்து என விரித்தால் ஆறாம் வேற்றுமைத் தொகை. கொம்யூனாகிய பஞ்சாயத்து என விரித்தால் 'சாரைப்பாம்பு' போல இருபெயரொட்டுப் பண்புத்தொகை. கொம்யூன் நிலையில் அமைந்த பஞ்சாயத்து என விரித்தால் உருபும் பயனும் உடன்தொக்க தொகை.

கூறியது கூறல் என்னும் குற்றச்சாட்டு இரண்டாம் விரிவைக் கொண்டே எழுகிறது. இரு சொற்களுக்கும் ஒரே பொருள் எனின் ஒன்று மிகை. ஆயின் சட்டத்தின் தலைப்பு இவ்விரிவுக்கு இடந்தரவில்லை. அங்குக் 'கிராமம்', 'கொம்யூன்' என்னும் இரண்டும் 'பஞ்சாயத்துகள்' என்னும் ஒரே தலைச்சொல்லுக்கு அடையாக இணைந்து நிற்கின்றன. கிராமப் பஞ்சாயத்தைக் கிராமமாகிய பஞ்சாயத்து என எவரும் விரிப்பதில்லை. இணையான அடைகளுக்கு இணையான விரிவே பொருந்தும். ஆகவே மூன்றாம் விரிவே சட்டத்தின் கருத்து. ஆங்கிலத்தில் இதனைப் பன்மையாக்கும்போதும் இரண்டாம் சொல்லே பன்மை விகுதி ஏற்கிறது. முதற்சொல் ஒருமையிலேயே நிற்கிறது. கொம்யூன்கள் என்று முதற்சொல்லைப் பன்மையாக்கி எழுதினால் நிலப்பகுதிகளைக் குறிக்கும், மன்றங்களைக் குறிக்காது.

ஆங்கிலத்தில் இத்தொடர் ஏன் பெயரோடு பெயர் ஒட்டியதாகவே அமைந்தது என்பதும் எண்ணத்தக்கது. பிரெஞ்சில் 'கொம்யூனால்' என்னும் பெயரடை இயல்பாக வழங்குகிறது. கொம்யூன் நடத்தும் பள்ளி அவ்வடையோடே குறிக்கப்படுகிறது. அதற்கு நேரான ஆங்கிலப் பெயரடையான 'கம்யூனல்' என்பதை இந்தியாவில் எவரும் இவ்விடத்தில் பயன்படுத்தத் துணியார். இந்திய ஆங்கிலத்தில் அது சாதி, சமயப் பிரிவினையைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணை ஆங்கிலத்தில் இவ்வடையாலேயே பெயர் பெற்றது. 1951இல் செண்பகம் துரைராசன் வழக்கில் உச்சநீதிமன்றம் அதனைச் செல்லாததாக்கியது. அத்தகைய வரலாற்றுச் சுமை ஏறிய அடையோடு ஓர் உள்ளாட்சி மன்றத்தை அழைத்தால், அது ஒரு வகுப்பாரின் பஞ்சாயத்து என்றே பொருள்படும். இன்று கரடாகத் தோன்றும் பெயரொட்டு, இந்திய ஆங்கிலத்தின் சூழலில் தவிர்க்க இயலாததாகவே இருந்திருக்கும்.

தமிழில் அச்சிக்கல் எழவில்லை. வேறொரு சிக்கல் எழுந்தது. 'கம்யூன்' என்று எழுதினால் 1871இன் பாரிசு கம்யூனும் பொதுவுடைமை இயக்கமும் நினைவுக்கு வரும். தொழிலாளர் இயக்கமும் பொதுவுடைமைத் தலைவர் வ. சுப்பையாவும் வேரூன்றிய புதுச்சேரியில் அந்நினைவு இன்னும் விரைவாக எழும். புதுச்சேரி வழக்கு இதனை ஓர் உயிரெழுத்தால் தீர்த்துவிட்டது. உள்ளாட்சி அலகு பிரெஞ்சு ஒலிப்பை ஒட்டிக் 'கொம்யூன்' எனவும், அரசியல் சொல் ஆங்கில வழியாகக் 'கம்யூன்' எனவும் எழுதப்படுகின்றன. பிரெஞ்சில் இரண்டும் ஒரே சொல். இவ்வேறுபாட்டை எவரும் திட்டமிட்டு வகுத்ததாகத் தோன்றவில்லை. எனினும் ஆய்வேடுகளில் ஓர் இடத்தில் கொம்யூன் எனவும் மற்றோர் இடத்தில் கம்யூன் எனவும் மயங்க எழுதுதல் இந்த நுட்பத்தைக் குலைத்துவிடும்.

தமிழ்நாட்டின் வழக்கோடு ஒப்பீடு

தமிழ்நாட்டிலும் இத்தகைய ஆங்கிலத் தொடர்கள் உள்ளன. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த இடைநிலை அமைப்பு 'ஊராட்சி ஒன்றியம்' ஆயிற்று. நகருக்குரிய சொல்லையும் பஞ்சாயத்தையும் இணைத்த மற்றோர் ஆங்கிலத் தொடர், முரணாகத் தோன்றும் இரு சொற்களின் சேர்க்கை; தமிழ் அதனைப் 'பேரூராட்சி' என ஒரே சொல்லாக்கி முரணை மறையச் செய்தது. தமிழ்நாடு மொழிபெயர்த்தது, புதுச்சேரி ஒலிபெயர்த்தது. 1965ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்தால் தமிழுக்கு இடமளித்த புதுச்சேரி, உள்ளாட்சிப் பெயரில் மட்டும் மூலச்சொல்லை விடாதது மொழிப்பற்றின் குறை எனக் கருத வேண்டியதில்லை. ஒலிபெயர்ப்பில் வரலாறு கண்ணுக்குத் தெரியும்படி நிற்கிறது. கொம்யூன் பஞ்சாயத்தை 'ஊராட்சி ஒன்றியம்' என மாற்றி எழுதுவது எளிது. ஆயின் தமிழ்நாட்டு ஒன்றியம் வளர்ச்சித் திட்ட வட்டாரத்தை அடியாகக் கொண்டு பிறந்தது. கொம்யூனோ தேர்தல் மன்றத்தை அடியாகக் கொண்டு பிறந்தது. இரண்டின் வேர்களும் வேறு. மேலும், நாட்டையே ஒன்றியம் எனவும் புதுச்சேரியை ஒன்றியப் பகுதி எனவும் கூறும் சூழலில், அதனுள் இருக்கும் வில்லியனூரையும் ஒன்றியம் என்றால் குழப்பமே மிஞ்சும்.

'துணைநிலை ஆளுநர்' என்னும் சொல்லாக்கத்தை இதனோடு வைத்துப் பார்க்கலாம். ஆங்கிலத் தொடரைத் 'துணை ஆளுநர்' என்று பெயர்த்திருந்தால், அவருக்கு மேல் ஓர் ஆளுநர் இருப்பதாகப் பொருள்பட்டிருக்கும். 'நிலை' என்னும் ஒரு சொல்லைச் சேர்த்துத் தமிழ் அப்பிழையைத் தவிர்த்தது. அதே உத்தியைக் கையாண்டு, விளக்கம் தேவைப்படும் இடங்களில் 'கொம்யூன் நிலைப் பஞ்சாயத்து' என எழுதலாம்.

1994க்குப் பின்

உழவர்கரை 20 ஆண்டுகள் கொம்யூன் பஞ்சாயத்தாக இருந்தது. அதற்குள் இலாசுப்பேட்டை, கதிர்காமம், தட்டாஞ்சாவடி, ரெட்டியார்பாளையம் எனக் குடியிருப்புகள் பெருகித் தலைநகரோடு ஒட்டிக்கொண்டன. சட்டம் ஊரகம் என்று கூறிய நிலம் கண்முன் நகரமாகிக்கொண்டிருந்தது. 1994இல் உழவர்கரை நகராட்சியாயிற்று. கொம்யூன் பஞ்சாயத்துகள் 10ஆகக் குறைந்தன. 2011 கணக்கெடுப்பில் உழவர்கரை நகராட்சியின் மக்கள்தொகை 3 இலட்சத்தை ஒட்டியது. அது புதுச்சேரி நகராட்சியின் மக்கள்தொகையைவிட மிகுதி. 1880இல் ஒரே வகைக் கொம்யூன்களாகத் தொடங்கிய இரண்டும் மீண்டும் ஒரே வகை நகராட்சிகளாயின. நகராட்சியானவுடன் உழவர்கரையின் பெயரிலிருந்து கொம்யூன் என்னும் சொல் நீங்கியது.

எனவே உழவர்கரை பற்றிய ஆவணங்களைக் கையாள்வோர் அவற்றின் ஆண்டை நோக்கியே சொல்லைத் தெரிதல் வேண்டும். 1880 முதல் 1973 முடிய உள்ள ஆவணங்களில் வருவது உழவர்கரைக் கொம்யூன். அதன் மன்றம் கொம்யூன் மன்றம். அதன் தலைவர் மேர். 1974 முதல் 1994 வரை உழவர்கரைக் கொம்யூன் பஞ்சாயத்து. அதன்பின் உழவர்கரை நகராட்சி. 1907க்கு முந்திய கொம்யூனின் எல்லை பிந்தியதினும் வேறு என்பதையும் மறத்தலாகாது. அவ்வாண்டில்தான் புதிய கொம்யூன்கள் பிரிக்கப்பட்டன. ஆகவே 1880க்கும் 1907க்கும் இடைப்பட்ட ஆவணங்களிலுள்ள எண்களைப் பிற்கால எண்களோடு நேரடியாக ஒப்பிடுதல் கூடாது.

இன்றைய வழக்கில் இத்தொடர் இன்னுமொரு பொருள்மாற்றத்தைக் கண்டுள்ளது. 1968க்குப் பின் புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 38 ஆண்டுகள் கழித்து, 2006இல்தான் நடந்தது. அதில் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. அதன்பின் தேர்தலின்றிக் கழிந்த ஆண்டுகளில் கொம்யூன் பஞ்சாயத்துகளை ஆணையர்களே நடத்தினர். ஐவர் கூடும் அவை என்னும் அடிப்பொருள் கொண்ட பஞ்சாயத்து, கூடும் அவையின்றி ஓர் அலுவலகத்தின் பெயராயிற்று. குடிநீர் இணைப்பிற்கும் வீட்டு வரிக்கும் அங்குச் செல்லும் மக்கள் 'கொம்யூனுக்குப் போய்வருகிறேன்' என்கின்றனர். சட்டம் தலைச்சொல்லாக வைத்த பஞ்சாயத்து அப்பேச்சில் விடுபட்டுப்போக, அடையாக வைத்த கொம்யூனே தனித்து நிற்கிறது.